உராய்வே இல்லாத ஊரில் நெல் அம்பாரம் நிற்குமா? பிள்ளைகளுக்குக் கற்பனை ஊர்கள் வழியாக இயற்பியல்

வெண்ணாற்றங்கரை | சனி, இரவு 9.40

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சனிக்கிழமை மாலைகளில் பதினான்கு பிள்ளைகளோடு உட்கார்ந்து இயற்பியல் பேசி வருகிறேன். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள். பாடப்புத்தகம் கிடையாது. ஆளுக்கொரு பெரிய தாளும் வண்ணப் பென்சில்களும்தான். இன்று நடந்ததை உடனே எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னேன்: "இது நம் ஊர்தான். அதே தெரு, அதே குளம், அதே களம். ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துவிடுகிறேன். இங்கே எந்தப் பொருளும் எந்தப் பொருளோடும் உராயாது. காலை ஆறு மணி. கண் விழிக்கிறீர்கள். என்ன நடக்கிறது என்று வரையுங்கள்."

முதல் கால் மணி நேரம் எல்லோரும் வழுக்கி விழும் மனிதர்களைத்தான் வரைந்தார்கள். அதன்பிறகு ஒரு பெண் கேட்டாள்: "சார், வழுக்கி விழுவதற்கு முன்னால் பாயிலிருந்து எப்படி எழுந்திருப்பது?" அந்தக் கேள்விக்குப் பிறகு வகுப்பே மாறிவிட்டது. கோலப்பொடி விரலிடுக்கில் நிற்காது என்றாள் இன்னொருத்தி. வேட்டி முடிச்சு அவிழ்ந்துவிடும் என்றான் ஒருவன். முடிச்சு மட்டுமா, துணியில் நூலை நூல் பிடித்துக்கொண்டிருப்பதே உராய்வால்தானே என்று நான் எடுத்துக் கொடுத்தேன். தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். களத்து வேலை தெரிந்த ஒரு பையன், "அம்பாரம் நிற்காது சார், நெல் தண்ணீர் மாதிரிப் பரவிவிடும்" என்றான். எத்தனை மரக்கால் கொட்டினாலும் அம்பாரத்தின் சரிவு ஏறத்தாழ ஒரே சாய்வில் நிற்பது ஏன் என்பதற்கு அவன் தானாகவே வாசல் வரை வந்துவிட்டான்.

அந்த ஊரில் நட்டநடுத் தெருவில் சிக்கிக்கொண்டால் எப்படி நகர்வது என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் சொன்னான்: "புத்தகப் பையைப் பின்னால் வீசினால் நான் முன்னால் போவேன்." உந்தம் என்ற சொல்லே அவனுக்குத் தெரியாது.

ஒரு சிக்கலும் இருக்கிறது. இன்னொரு பையன் தன் படத்தில் தேங்காயை மரத்துக்கும் தரைக்கும் நடுவே அந்தரத்தில் நிறுத்தியிருக்கிறான். உராய்வு இல்லையென்றால் எதுவும் விழாது என்கிறான். எவ்வளவு சொல்லியும் ஏற்கவில்லை. இல்லாத ஊரைக் காட்டி இருக்கிற அறிவையும் குழப்பிவிட்டேனோ என்று கவலையாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதகுக்காரர் | சனி, இரவு 10.25

தம்பி, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், மூன்று ஆறுகளுக்கும் மதகுகள் வழியாகத் தண்ணீரைப் பிரித்துவிடுகிற மூணாறு தலைப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இல்லாத ஊர் எதற்கு? வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றும் கண்ணெதிரே ஓடுகின்றன. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள்.

நான் பாசனத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மதகில் தண்ணீரை அடைக்கும் பலகையான ஷட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 2 மீட்டர், அதற்குப் பின்னால் 1.5 மீட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீர் பலகையைத் தள்ளுகிற விசை ஏறத்தாழ இரண்டேகால் டன் எடைக்குச் சமம். அந்த விசை பலகையை அது ஏறி இறங்கும் பள்ளமான காடியோடு அழுத்துவதால்தான், மதகை இயக்கும் ஊழியரான லஸ்கர் திருகைச் சுற்றும்போது அவர் தோள் இறங்குகிறது. பலகையின் சொந்த எடை அதில் ஒரு பகுதிதான். தண்ணீர் ஆழம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். இதைவிடப் பெரிய பாடம் எந்தக் கற்பனையில் இருக்கிறது?

தேங்காய்ப் பையனுக்கு ஒரு கல்லைக் கையில் கொடுத்து விடச் சொல்லுங்கள். அது போதும்.

வெண்ணாற்றங்கரை | சனி, இரவு 10.50

ஐயா, கல்லைக் கொடுத்தேன். விட்டான். விழுந்தது. "இது நம் ஊர், இங்கே உராய்வு இருக்கிறது, அதனால் விழுகிறது" என்றான். அவன் தர்க்கத்தில் ஓட்டை இல்லை, அவன் பிடித்துக்கொண்ட காரணம்தான் தவறு.

தலைப்புக்கும் அழைத்துப் போயிருக்கிறேன். பிள்ளைகள் நுரையைப் பார்த்தார்கள், மீனைப் பார்த்தார்கள். நீங்கள் சொல்லும் இரண்டேகால் டன்னை அவர்களால் பார்க்க முடியவில்லை. அது கண்ணுக்குத் தெரியாததுதானே என் கஷ்டம்.

குடமுருட்டி அம்மா | ஞாயிறு, காலை 6.15

நான் ஆசிரியர் இல்லை, இரண்டு பிள்ளைகளின் தாய். என் மகன் கைபேசியில் ஒரு விளையாட்டு விளையாடுகிறான். அதில் வருகிற வீரன் ஒருமுறை குதித்து, அந்தரத்தில் இருந்தபடியே இன்னொரு முறை குதித்து மேலே ஏறுகிறான். திட்டுவதற்குப் பதிலாக ஒரு நாள் கேட்டேன்: "இரண்டாவது தடவை அவன் எதை மிதித்து எழும்பினான்?" அவன் விளையாட்டை நிறுத்திவிட்டான். இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் வாழைத்தண்டுகளைக் கோத்து மிதவை கட்டிக் குளத்தில் விட்டார்கள். அதிலிருந்து கரைக்குத் தாவியபோது மிதவை பின்னால் போனது, இவன் கரைக்கு எட்டாமல் தண்ணீரில் விழுந்தான். ஈரத்தோடு ஓடிவந்து என்னிடம் சொன்னது: "அம்மா, மிதிப்பதற்குக் கீழே இருப்பது நகராமல் நிற்க வேண்டும்." அந்தப் பொய்யான வீரன் இல்லாவிட்டால் அன்று அவன் வெறுமனே நனைந்துவிட்டு வந்திருப்பான். ஆகையால் எனக்கு மதகுக்காரர் ஐயா சொல்வதும் சரி, வெண்ணாற்றங்கரை சார் செய்வதும் சரி. கற்பனையில் கேட்ட கேள்வியைக் கையோடு எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போக வேண்டும்.

அரசலாறு | ஞாயிறு, முற்பகல் 11.05

கும்பகோணத்தில் பழைய மடிக்கணினிகளை வைத்துப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித் தருகிறேன். இந்த விவாதத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் ஆய்வு உண்டு, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லோகோ என்ற கணினி மொழியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சேமூர் பேப்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் பிள்ளைகளுக்காக 1960களில் உருவாக்கியது. திரையில் ஓர் ஆமை, அதற்குக் கட்டளை கொடுத்தால் கோடு வரையும். பேப்பர்ட் இத்தகைய சிறு உலகங்களைப் பற்றி நிறையப் பேசினார். பின்னர் ஆண்ட்ரியா டிசெஸ்ஸா என்ற ஆய்வாளர் அந்த ஆமையை நியூட்டனின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதாக மாற்றினார். உராய்வே கிடையாது. ஓர் உதை கொடுத்தால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். உதைத்து உதைத்து அதை ஒரு குறியில் கொண்டுபோய் மோத வைக்க வேண்டும். 1982இல் இதைப் பற்றி எழுதினார்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த தவறு முக்கியமானது. ஆமை மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, குறி வலப்பக்கம் இருக்கிறது. வலப்பக்கம் ஓர் உதை கொடுத்தால் ஆமை நேராக வலப்பக்கம் திரும்பிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். ஆமையோ சாய்வாகப் போனது, ஏனென்றால் பழைய வேகம் அதனிடம் அப்படியே இருக்கிறது. உதைத்த திசையில்தான் பொருள் போகும் என்ற எண்ணம் பெரியவர்களிடமும் வேரோடிக் கிடக்கிறது. அன்றாட உலகத்தில் உராய்வு வந்து பழைய வேகத்தைத் தின்றுவிடுவதால் அந்த எண்ணம் பெரும்பாலும் அடிவாங்காமல் தப்பித்துவிடுகிறது. உராய்வை எடுத்துவிட்ட உலகத்தில்தான் அது அகப்பட்டுக்கொள்கிறது. மதகுக்காரர் ஐயாவின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

கணினி இல்லாமலும் இதைச் செய்யலாம். கடந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியபோது ஒரு கொட்டாங்கச்சியை மிதக்கவிட்டு, எதிர்க்கரையில் நட்ட குச்சியைத் தொடும்படி நேர் குறுக்கே தள்ளச் சொன்னேன். எங்கே போய்ச் சேரும் என்று முன்கூட்டியே தாளில் புள்ளி வைக்க வேண்டும் என்பது கட்டாயம். ஒன்பது பேரில் எட்டுப் பேர் குச்சியின் மேலேயே புள்ளி வைத்தார்கள். கொட்டாங்கச்சி கீழே தள்ளிப் போய் நாணலில் ஒதுங்கியது.

அந்தப் புள்ளியை வைக்காமல் காட்டியிருந்தால் "ஆமாம், அப்படித்தான் போகும்" என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். படம் பார்ப்பது கற்பது ஆகாது, முதலில் ஊகத்தைத் தாளில் இறக்கிவிட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அசைபடங்களைக் காட்டும்போது பல ஆசிரியர்கள் விட்டுவிடுவது இதைத்தான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற கணினிச் செயல்விளக்கங்கள் நல்லவை, தமிழிலும் பல கிடைக்கின்றன, கட்டணம் இல்லை. அவற்றைத் திறப்பதற்கு முன் தாளும் பென்சிலும் கொடுங்கள்.

மன்னை ஆசிரியை | ஞாயிறு, பிற்பகல் 3.30

மேல்நிலை வகுப்புகளுக்கு இருபது ஆண்டுகளாக இயற்பியல் எடுக்கிறேன். உற்சாகத்துக்கு நடுவே ஒரு எச்சரிக்கையை வைக்க வேண்டியிருக்கிறது. கதையாகக் கற்ற பிள்ளைகளுக்குக் கதை நினைவிருக்கிறது, விதி நினைவில்லை. மின்னோட்டத்தை மனிதர்கள் வரிசையில் நடப்பதாகச் சொல்லித் தந்தால், பதினொன்றாம் வகுப்பில் வந்து "எலக்ட்ரான் களைத்துப் போவதால் வெப்பம் வருகிறது" என்று எழுதுகிறார்கள். எலக்ட்ரானுக்கு ஆசையும் களைப்பும் கொடுத்தது நாம்தான். அதைப் பிடுங்குவதற்கு எனக்கு ஒரு பருவம் ஆகிறது.

கற்பனை உலகத்தில் பொருளுக்கு மனம் கொடுக்காதீர்கள். "தண்ணீர் கீழே போக விரும்புகிறது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இன்னொன்று, ஊருக்குள் போகிற வழி மட்டும் இருக்கிறது, திரும்பி வருகிற வழி எங்கே?

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, மாலை 6.10

அம்மா, இரண்டாவது கேள்வி என்னை நன்றாகத் தைத்தது. திரும்பி வருகிற வழியை நான் போடவே இல்லை. தேங்காய்ப் பையன் அங்கேயே நின்றுவிட்டதற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. எது மாறியது என்று மட்டும் கேட்டேன், எது மாறவில்லை என்று கேட்கவில்லை. அடுத்த வகுப்பில் தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் "அங்கேயும் இருப்பது" என்று முதலில் எழுதவைக்கப் போகிறேன். புவியீர்ப்பு அந்தப் பட்டியலில் முதலில் வர வேண்டும்.

கொட்டு மேளம் | ஞாயிறு, இரவு 8.00

கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைப்பது பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. சர் சி. வி. ராமன் பிறந்தது நம் திருவானைக்காவலில், 1888இல். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கருப்பு வட்டம் எப்படி அதன் மேல்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று அவர் ஆராய்ந்தார். தோலின் மேல் மணலைத் தூவி, அதிராத இடங்களில் மணல் கோடுகளாக ஒதுங்குவதைப் படம் பிடித்தார். ஒலி அங்கே கோலமாகத் தெரிகிறது. வீட்டில் அகலமான பாத்திரத்தின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, ரவையைத் தூவி, பக்கத்தில் நின்று ஓங்கிப் பாடினால் பிள்ளைகளும் பார்க்கலாம். "ஒலி கண்ணுக்குத் தெரியும் ஊர்" என்று ஒரு வாரம் வையுங்கள்.

தஞ்சை மேலவீதி | ஞாயிறு, இரவு 9.20

எங்கள் வீட்டில் தலையாட்டி பொம்மை செய்கிறோம். அடியில் கனமான மண், மேலே இலேசான காகிதக் கூழ், எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். கடைக்கு வரும் பிள்ளைகளிடம் "இதன் கனத்தைத் தலைக்கு மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்பேன். எல்லோரும் விழும் என்பார்கள். அது சரிதான். "பாதி உயரத்துக்கு மாற்றினால்?" என்று கேட்டால்தான் யோசனை தொடங்கும்.

பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழாது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காலையிலோ மாலையிலோ போய் நின்றால் நீளமாக விழுந்து கிடப்பதைப் பார்க்கலாம். சூரியன் தஞ்சைக்கு நேர் உச்சியில் வருவது ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும். அன்று நண்பகலில் நட்ட குச்சிக்கும் நிழல் இருக்காது. இராசராசன் 1010இல் எழுப்பிய கோயிலுக்குப் பொய்ப் பெருமை எதற்கு? கோயிலைத் தாளில் வரைந்து, சூரியனை மணிக்கு மணி நகர்த்தி, நிழலைப் பிள்ளைகளே போடட்டும்.

மதகுக்காரர் | திங்கள், காலை 5.30

இரவு முழுவதும் இதே நினைவு. அரசலாறு தம்பி எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் என்று தெரிகிறது. ஆற்றைக் கடக்கும் ஓடக்காரர் மேல்முகமாகத்தான் குறி வைப்பார். எனக்கு அது தெரியும், ஆனால் ஆமை போல யாரும் எனக்கு அதைப் பிரித்துக் காட்டியதில்லை.

விடியலில் எழுந்து ஒரு கணக்குப் போட்டேன். வெண்ணாற்றங்கரை தம்பியின் ஊரில் காவிரி எப்படி ஓடும்?

கல்லணைப் பகுதி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பூம்புகாருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். சரிவு மிகவும் குறைவு, கிலோமீட்டருக்கு அரை மீட்டர் அளவு. அதனால்தான் இங்கே தண்ணீர் நிதானமாக வருகிறது, கல்லணை திறந்து கடைமடை நனைவதற்குள் நாட்கள் ஆகிவிடுகின்றன. உராய்வை எடுத்துவிட்டால் அந்த 60 மீட்டர் இறக்கம் முழுவதும் வேகமாக மாறும். பூம்புகாரை அடையும்போது நொடிக்கு 34 மீட்டர். அதாவது மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல்! விரைவு ரயில் வேகத்தில் காவிரி.

இப்போது அந்த வேகம் எங்கே போகிறது? கரையோடும் படுகையோடும் தன்னோடும் உராய்ந்து வெப்பமாகிறது. அந்த வெப்பம் முழுவதும் தண்ணீரிலேயே தங்கினாலும் அது ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்குதான் சூடாகும். கையை விட்டுப் பார்த்தால் தெரியாது.

இனிமேல்தான் முக்கியமானது. ஆறு வேகம் குறைகிற இடத்தில்தான் வண்டல் படியும். இறக்கம் குறைந்து, தயங்கி, கிளை பிரிந்து, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு படலம் மண்ணை விட்டுவிட்டுப் போனதால் உண்டானது இந்தத் தஞ்சைத் தரணி. மணிக்கு 120 கிலோமீட்டரில் ஓடுகிற ஆறு ஒரு பிடி மண்ணைக்கூட இங்கே விட்டிருக்காது. அம்பாரம் நிற்குமா என்பதற்கு முன்னால், நெல் விளைய நிலமே இருந்திருக்காது.

நான் முப்பத்தொரு வருடம் இந்த ஆறுகளின் கரையில் வேலை செய்தேன். படுகையின் சொரசொரப்பைக் கணக்கில் சேர்க்காமல் எந்த வாய்க்காலுக்கும் வரைபடம் போட்டதில்லை. ஆனாலும் உராய்வை எப்போதும் கழிக்க வேண்டிய நஷ்டமாகத்தான் பார்த்தேன். இன்று காலைதான் முதன்முறையாக வேறு மாதிரி பார்த்தேன். ஒரு சிறுவனின் அம்பாரம் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது.

மன்னை ஆசிரியை | திங்கள், காலை 7.45

ஐயா, இந்தக் கணக்கை நான் பதினொன்றாம் வகுப்பில் ஆற்றல் மாறாக் கோட்பாடு நடத்தும்போது எடுத்துக்கொள்ளலாமா? என் மாணவர்களில் பாதிப் பேர் கடைமடைப் பிள்ளைகள். தண்ணீர் ஏன் தாமதமாக வருகிறது என்பது அவர்கள் வீட்டில் தினமும் பேசப்படுகிற விஷயம்.

மதகுக்காரர் | திங்கள், காலை 8.05

தாராளமாக, அம்மா. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைமடைக்குத் தாமதமாவதற்குச் சரிவும் உராய்வும் மட்டும் காரணமில்லை. தூர் வாராத வாய்க்காலும் ஆகாயத்தாமரையும் காரணம். அவை நம் கையில் இருப்பவை.

வெண்ணாற்றங்கரை | சனி, இரவு 9.15

ஒரு வாரம் கழித்து வந்திருக்கிறேன். தாளை இரண்டாக மடித்தோம். இடப்பக்கப் பட்டியலில் வெயில், பசி, எடை, காற்று என்று வந்தது. "எடை" என்று சொன்னது தேங்காய்ப் பையனேதான். அவனையே கேட்டேன்: "எடை அங்கேயும் இருக்கிறது என்றால் உன் தேங்காய்?" போன வாரப் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அழிப்பானை எடுக்கவில்லை. தேங்காய்க்குக் கீழே ஓர் அம்புக்குறி போட்டு, தரையைத் தொட்ட இடத்திலிருந்து இன்னோர் அம்புக்குறியைப் பக்கவாட்டில் வெகுதூரம் இழுத்தான். தரையில் விழுந்து நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிறதாம். தரை துளி சாய்ந்திருந்தாலும் அப்படித்தானே போகும்.

பிறகு மதகுக்காரர் ஐயாவின் காவிரியைச் சொன்னேன், வேகத்தை மட்டும். மீதியை அவர்களே வரையட்டும் என்று விட்டுவிட்டேன். பெரும்பாலோர் வீடுகள் அடித்துக்கொண்டு போவதை வரைந்தார்கள். அம்பாரம் சொன்ன பையன் மேலே கல்லணையை வரைந்து, அங்கிருந்து கடலுக்கு ஒரே நேர்கோடு போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் வெற்றுத் தாளாக விட்டிருந்தான். நம் ஊர் எங்கே என்றேன். "மண்ணே வரவில்லையே சார்" என்றான். வண்டல் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அவன் வீட்டு வயல் வெண்ணாற்றுப் படுகை.

அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அடுத்த வாரம் "அழுத்தம் வண்ணமாகத் தெரியும் ஊர்". ஆழம் கூடக் கூடத் தண்ணீர் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும், ஷட்டருக்குப் பின்னால் எந்த இடம் எந்த நிறம் என்று பிள்ளைகள் முதலில் தீட்ட வேண்டும். மதகுக்காரர் ஐயா, அன்று நீங்கள் நேரில் வர முடியுமா? மாலை நான்கு மணி. தஞ்சாவூரிலிருந்து பஸ் இருக்கிறது, நிறுத்தத்திலிருந்து நான் அழைத்து வருகிறேன்.

மதகுக்காரர் | சனி, இரவு 9.40

வருகிறேன் தம்பி. கண்ணாடித் தொட்டி ஒன்று கொண்டுவருகிறேன், பக்கவாட்டில் மூன்று உயரங்களில் துளை போட்டு அடைத்து வைத்திருக்கிறேன். எந்தத் துளையிலிருந்து நீர் அதிக வேகத்தோடு பீச்சும் என்று திறப்பதற்கு முன்னால் புள்ளி வைக்கச் சொல்லுவோம். காடியும் சிறிய ஷட்டர் பலகையும் செய்ய என்னிடம் தேக்குத் துண்டு இருக்கிறது. நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம். தண்ணீர் மட்டும் பத்துக் குடம் வேண்டும்.